பாதை திறக்கட்டும்

அன்புள்ள அக்கா,

திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். தாய்வீட்டுக்காக அக்காவும் தங்கையும் பிடிக்கும் சண்டையை நாவலாக எழுதிவருகிறேன். வாசித்த நண்பர் ஒருவர், "இவ்வளவு போர் நடந்த ஊரில் இருந்துகொண்டு குடும்பச் சண்டையா எழுதுவது?" என்று கேட்டார். நிறுத்திவிடவா? எங்கள் பேச்சுவழக்கு தமிழ்நாட்டில் புரியுமா? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

பேச்சுவழக்கு புரியாதவர்கள் புரியும்வரை வாசிக்கட்டும்.

நண்பரையும் விடுங்கள். அண்ணனும் தம்பியும் வரப்புக்காக வெட்டிக்கொண்டால் மண்ணின் கதை, அக்காவும் தங்கையும் வீட்டு வளவுக்காக மல்லுக்கட்டினால் சில்லறைச் சண்டை. இந்தக் கணக்கு எனக்குப் பழகிவிட்டது.

கோபம் உங்கள் மேல்தான். மூன்று அத்தியாயமும் அக்கா அழுகிறாள். வீடு யார் பெயரில் இருக்கிறது? உறுதிப் பத்திரம் யாருடைய அலுமாரியில்? ஒரு வரி இல்லை. இப்போது வருகிற நாவல்களில் எல்லாரும் கண்ணைக் கசக்குகிறார்கள், ஒருத்தியாவது பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போகிறாளா? கிழக்கில் வீடு பெண்ணுக்குத்தான் போகிறது என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெண் யாழ்ப்பாணத்தானைக் கட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்படாத பெண் அதற்கு உட்பட்ட ஆணை மணந்தால், அந்த மணம் நீடிக்கும்வரை அவளும் உட்பட்டவள். தாய் தந்த வீடாக இருந்தாலும் அவன் எழுத்தில் சம்மதம் தராமல் விற்க முடியாது. உயில் மட்டும் அவனைக் கேளாமல் எழுதலாம். செத்தபிறகு அவள் சொல் செல்லும்.

என் சின்னம்மா அப்படிக் கட்டியவர். வீடு உப்புவெளியில், கணவருக்கு வேலை யாழ்ப்பாணத்தில். 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை போரால் மூடப்பட்டது. மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப வீட்டை விற்க நினைத்தார் சின்னம்மா. வாங்க ஆளும் வந்தது. சித்தப்பாவின் கையெழுத்துத்தான் வேண்டும். "பாதை திறக்கட்டும், பார்க்கலாம்" என்று சொல்லியனுப்பினார். பாதை இல்லாவிட்டால் என்ன, யாழ்ப்பாணத்திலிருந்து சனம் கப்பலில் திருகோணமலைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அப்படி வந்தவர்கள் கையில் காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் கொடுத்துவிட்டார், பனம்பழப் பினாட்டுக் கொடுத்துவிட்டார். சம்மதக் கடிதம் மட்டும் வரவில்லை. சித்தப்பாவின் தமையனுக்கு அந்த வீட்டில் ஒரு கண் என்பது சின்னம்மாவுக்குத் தெரியும். இப்படிப்பட்ட கணவன்மாருக்காக மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது என்பதைத்தான் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. வாங்க வந்தவர் வேறு வளவு பார்த்துக்கொண்டு போய்விட்டார். சின்னம்மா ஒடியல் பையைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒடியற்கூழ் என்ற பேச்சை எடுத்தாலே சண்டை வந்தது. இதில் போர் எங்கே முடிகிறது, சித்தப்பா எங்கே தொடங்குகிறார் என்று உங்கள் நண்பர் பிரித்துக் காட்டட்டும்.

அக்காவின் கணவன் எந்த ஊர் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். அழுகையில் பாதியை வெட்டுங்கள். தங்கை மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை வழியே அக்கா வீட்டுக்கு நடக்கும் இடத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம். அதை நான் இரண்டாம் தரமும் வாசித்தேன்.