அரக்கு நிறம் என்றால் எது? அரக்கனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

அரக்கனுக்கும் இந்த நிறத்துக்கும் சம்பந்தமில்லை. அரக்கன் என்ற சொல் ராட்சச என்ற வடசொல் வழி வந்தது. அரக்கு, லாக்ஷா என்ற வடசொல் வழி.

அரக்கு என்பது மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். கிளையோடு ஒடித்தெடுத்தால் காய்ந்த ரத்தம்போல் சிவப்பும் பழுப்பும் கலந்திருக்கும். பொருளின் பெயரே நிறத்துக்கும் ஆயிற்று. அகநானூற்றின் 14-ஆம் பாட்டு ‘அரக்கத்தன்ன செந்நிலப் பெருவழி’ என்றுதான் தொடங்குகிறது; அரக்குபோல் சிவந்த நிலத்துப் பெரிய வழி என்று பொருள். மழை பெய்து ஓய்ந்ததும் தக்கலைப் பக்கம் புதிதாக வெட்டிய செம்மண் மேட்டைப் பாருங்கள், உவமை சட்டென்று புரியும்.

நாகர்கோவில் வடசேரி கோயில் நகைகளுக்குப் பேர்போன இடம். நகைத்தொழிலில் அரக்கு இன்னும் பொருளாகவே புழங்குகிறது: சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகி நகையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். பார்சலுக்கு முத்திரை வைப்பதும் இதே குணத்தால்தான்.

அப்புறம், ஜவுளிக்கடையில் அரக்குச் சேலை கேட்டால் ‘மெரூனா?’ என்பார்கள். மெரூன் என்பது செஸ்ட்நட் கொட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. என் கண்ணுக்கு அரக்கில் பழுப்பு ஒரு பிடி கூடுதல். கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.