பறி என்ற சொல்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் வசிக்கிறேன். போன மாதம் மனைவியின் பழைய சங்கிலியை விற்க சௌகார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். உரசிப் பார்த்தவர் கல்லாவில் இருந்தவரிடம் எங்களுக்குப் புரியாத ஒரு சொல்லைச் சொன்னார். அடுத்த நிமிடமே அதுவரை பேசிய விலை இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால், கல்லூரியில் படிக்கும் மகன் நண்பர்களோடு போனில் பேசுவதும் பாதி புரிவதில்லை. எதிரில் இருப்பவருக்குப் புரியக்கூடாது என்றே பேசுவது மொழிக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சங்கிலி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதே கோபத்தை மகன் மேல் காட்டாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

நன்னூல் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: குழூஉக்குறி. பள்ளியில் படித்திருப்பீர்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள், பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். உள்ளே போனதும் ஆளைப் பேசவைக்கும் கள்ளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் 'பறி'யைப் பாருங்கள். நீங்கள் நின்ற இடத்தில் பல நூறு வருடங்களுக்கு முன்பே யாரோ நின்றிருக்கிறார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில், வணிகர்கள் எண்களை மறைத்துச் சொன்ன முறை பதிவாகியிருக்கிறது. வினை என்றால் இரண்டு, ஏனென்றால் நல்வினை, தீவினை. குணம் மூன்று. சுருதி நான்கு, வேதம் நான்கல்லவா? சரம் ஐந்து, மன்மதனின் அம்புகள். கிரி எட்டு, மணி ஒன்பது, திசை பத்து. பக்கத்தில் நிற்பவர் காதில் 'சரம்' என்று விழுந்தால் பூச்சரம் என்று நினைத்துக்கொள்வார். இதைக் கட்டியவர்களுக்கு வேதமும் புராணமும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் படிப்பெல்லாம் எதிரில் நிற்பவரை இருட்டில் வைக்கச் செலவாகியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது இன்னொரு பக்கம். நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில். ஆறு குடும்பத்துக்கு ஒரே முற்றம், ஒரே குழாய். அங்கே என் அத்தையும் பக்கத்துப் போர்ஷன் மாமியும் க-பாஷை பேசுவார்கள். ஒவ்வொரு அசைக்கும் முன்னால் ஒரு 'க' சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மாதக் கடைசியில் மாமி குடத்தை வைத்துவிட்டு, "கப கணம் கஇல் கலை" என்பார். பணம் இல்லை. அத்தை உள்ளே போய் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வருவார். மாமியின் கணவர் அதே முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கடன் வாங்கியது தெரிந்தால் அவர் கை நீட்டுவார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மறைமொழியைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தனியாகப் பேச ஒரு அறைகூட இல்லாத பெண்கள் அந்த 'க'வை வைத்துச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள்.

அதனால் ஒரு மறைசொல் காதில் விழுந்தால், யாரிடமிருந்து எதை மறைக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பிளாட்பாரத்தில் கடை போட்டிருப்பவர் போலீசைப் பார்த்ததும் "மாமா வரார்" என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுப்பதும் மறைசொல்தான். வழக்கமானது என்று பொருள்பட்ட 'மாமூல்', அவரிடம் வசூலிக்கும் லஞ்சத்துக்குப் பெயரானதும் அப்படித்தான். முன்னது அவருடைய பிழைப்பைக் காக்கிறது, பின்னது அதில் கை வைக்கிறது.

மகன் பேச்சுக்கு வருகிறேன். அவனிடம் அர்த்தம் கேட்டுத் துளைக்காதீர்கள். உங்களுக்குப் புரிந்த அன்றே அவர்கள் வேறு சொல்லுக்கு மாறிவிடுவார்கள். அந்த வயதில் தனக்கென்று ஒரு கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு ஒரு பேச்சும் வேண்டும். உங்களிடம் பேசும்போது புரியும்படி பேசுகிறான் அல்லவா, அது போதும்.

சங்கிலியை இன்னும் கொடுக்கவில்லை என்றால் அதில் 916 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஒரு குறிதான், ஆனால் எல்லோருக்கும் பொதுவானது: நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், அதாவது 22 காரட். பழைய நகை, முத்திரை இல்லை என்றால், ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டித் தரத்தைச் சோதித்துத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு வேறு இரண்டு கடை ஏறி இறங்குங்கள்.

அன்புடன்