கேட்பவரின் முகம்

அன்புள்ள சார்,

நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்களே என்று அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரைப் பார்க்க உட்கார்ந்தேன். காகிதம் விற்கும் ஒரு கம்பெனியின் ஆபீஸை ஆவணப்படம் எடுப்பதுபோலக் காட்டும் நகைச்சுவைத் தொடர். முதல் சீசனைத் தாண்ட முடியவில்லை. மேனேஜர் மைக்கேல் ஸ்காட் வாயைத் திறந்தாலே எனக்குக் கூசுகிறது. பின்னணிச் சிரிப்பொலியும் கிடையாது, எங்கே சிரிப்பது என்றே தெரியவில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அன்றைக்கு அமெரிக்காவிலும் பலர் உங்களைப் போலத்தான் நிறுத்திக்கொண்டார்கள். 2005 மார்ச் 24 அன்று என்பிசி சேனலில் வந்த முதல் எபிசோடை 1.12 கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த எபிசோடுக்கே அது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. காரணம் இருந்தது. ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் பிபிசிக்காக 2001இல் உருவாக்கிய மூலத்தை முதல் எபிசோட் கிட்டத்தட்ட வரிக்கு வரி பின்பற்றியது. அந்த மூலத்தில் வரும் மேனேஜரின் கசப்பு, இங்கே மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கரெலின் முகத்தில் ஒட்டவே இல்லை.

இரண்டாம் சீசனில், அமெரிக்கத் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸின் குழு அதைச் சரி செய்தது. மைக்கேல் அசடுதான், ஆனால் விற்பதில் கெட்டிக்காரன் என்று ஆக்கினார்கள். அந்த சீசனில் ஒரு பெரிய வாடிக்கையாளரை அவன் 'சில்லீஸ்' உணவகத்துக்குக் கூட்டிப்போய், கதை பேசியே ஒப்பந்தத்தை முடிப்பான். மேலதிகாரி ஜேன் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே எபிசோடில் ஆளைப் பற்றிய நம் எண்ணம் மாறிவிடும். 2006இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது கிடைத்தது.

சரி, எங்கே சிரிப்பது? பேசுகிறவனை விடுங்கள், கேட்கிறவர்களைப் பாருங்கள். இந்தத் தொடரின் நகைச்சுவை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. அதற்காகவே 'சர்வைவர்' ரியாலிட்டி ஷோவில் வேலை செய்த ராண்டல் ஐன்ஹார்னை ஒளிப்பதிவுக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்பாராததைத் துரத்திப் பிடிக்கப் பழகிய கேமரா அது. மேஜைகளில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு உண்மையிலேயே இன்டர்நெட் இணைப்பு இருந்தது. பின்னணியில் உட்கார்ந்திருக்கும் நடிகர்கள் நிஜமாகவே எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆபீஸ் ஊழியர் ஃபிலிஸாக வரும் ஃபிலிஸ் ஸ்மித் நடிகர் தேர்வுக் குழுவில் இருந்தவர். வந்தவர்களுக்கு எதிர்வசனம் படித்துக்கொண்டிருந்தவரை இயக்குநர் கென் குவாபிஸ் கவனித்து நடிக்கவே வைத்துவிட்டார்.

நீங்கள் பார்த்த இரண்டாவது எபிசோடையே எடுத்துக்கொள்வோம். பன்முகத்தன்மை பற்றிய பயிற்சி. ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு இனத்தின் பெயர் எழுதிய அட்டையை மைக்கேல் ஒட்டச் சொல்கிறான். வேறொரு மீட்டிங் முடித்து அப்போதுதான் உள்ளே வருகிறாள் ஆபீஸில் வேலை பார்க்கும் இந்திய வம்சாவளிப் பெண் கெல்லி. அவளைப் பார்த்ததும் இந்தியக் கடைக்காரர் குரலில் பேச ஆரம்பிக்கிறான். கெல்லிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் விழுகிறது அறை. அறை வாங்கியவனோ, சிறுபான்மையாக இருப்பதன் வலி அவளுக்கு இப்போது புரிந்திருக்கும் என்கிறான்! அந்தக் குரலைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த அறைக்குள் மற்றவர்களோடு நாமும் மாட்டிக்கொண்டு நெளிகிறோம். உங்களுக்குக் கூசியது என்றால் காட்சி சரியாக வேலை செய்திருக்கிறது. இங்கே பின்னணிச் சிரிப்பொலி சேர்த்திருந்தால் அது கெல்லியைப் பார்த்துச் சிரிப்பதாக ஆகியிருக்கும்.

கெல்லியாக நடித்த மிண்டி கேலிங் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர். அப்பா தமிழர், அம்மா வங்காளி. மேடையில் பெயரைச் சொல்ல அறிவிப்பவர்கள் திணறியதால் சொக்கலிங்கம் கேலிங் ஆனது. 2006 நவம்பரில் வந்த 'தீபாவளி' எபிசோடை எழுதியது அவர்தான். அதில் கெல்லியின் பெற்றோராக வருவது அவருடைய சொந்தப் பெற்றோர். மொத்த ஆபீஸும் கொண்டாட்டத்துக்கு வருகிறது, அத்தனை பேர் முன்னாலும் மைக்கேல் தன் காதலி கேரலிடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறான். அவள் முகத்தைப் பார்க்க முடியாது! ஆனால் அந்த இந்தியக் குடும்பங்கள் கேலிப்பொருளாவதே இல்லை. முதல் சீசனில் மைக்கேலை அறைந்ததோடு நின்ற பாத்திரத்துக்கு ஒரு வீடும் உறவுகளும் கிடைத்துவிட்டன. எனக்கு மிகப் பிடித்த எபிசோட்களில் இது ஒன்று.

2020இல் அமெரிக்காவில் இத்தொடர் 5,710 கோடி நிமிடங்கள் ஓடியதாகப் பார்வையாளர் கணக்கெடுக்கும் நிறுவனமான நீல்சன் கணக்கிட்டது. தொடர் முடிந்து ஏழு வருடங்களுக்குப் பிறகு! அவ்வளவு பேரும் திரும்பிப் போவது ஜோக்குகளுக்காக மட்டும் இருக்காது. பழகின முகங்கள் அங்கே இருக்கின்றன.

இரண்டாம் சீசனில் தொடங்குங்கள். 'தீபாவளி'க்கு மூன்றாம் சீசன். கரெல் ஏழாம் சீசனோடு விலகிவிட்டார், அதற்குப் பிந்தைய இரண்டு சீசன்களைப் பார்க்கச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன்.