பாராட்டுப் படத்தில் அந்த அக்காவின் 40 வினாடி

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாயனசாலையின் (நூலகத்தின்) ஆண்டு விழாவுக்காக, 30 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கி ஓய்வுபெற்ற மாஷ் (ஆசிரியர்) பற்றி 20 நிமிட ஆவணப்படம் எடுத்துவருகிறேன். தமிழ் மீடியத்தில் படித்த பனங்காட்டுப் பிள்ளைகளை மாநிலப் போட்டிவரை கொண்டுபோனவர் அவர். பேட்டி கொடுத்த பழைய மாணவிகளில் ஒரு அக்கா, “கால் நோகுதுன்னு சொன்னேன், மாஷ் நம்பலை. சப்-ஜில்லா போட்டி முடியட்டும்னாரு. ஓடி ஜெயிச்சேன். அப்புறம் எக்ஸ்ரே எடுத்தா எலும்புல விரிசல். அதோட என் ஓட்டம் போச்சு” என்று 40 வினாடி பேசியிருக்கிறார். பேசும்போது கை தானாகவே முழங்காலுக்குக் கீழே போய்த் தடவிக்கொள்கிறது. “நல்ல மனுஷனைக் கௌரவிக்கிற படத்தில் இது எதற்கு, வெட்டிவிடு” என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். வெட்டினால் நான் பொய் சொன்னவன் ஆவேனா?
(வாசகர், சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்)

பதில்: 30 ஆண்டுகளை 20 நிமிடத்துக்குள் அடக்குகிற எவரும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதால், வெட்டுவதையே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதை வைத்தீர்கள், எதை நீக்கினீர்கள் என்று ஒரு தாளில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். மாஷ் பட்ட கஷ்டங்களில் ஒன்றும் நீக்கிய பக்கத்தில் இருக்காது என்றே நினைக்கிறேன்.

விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஊக்கப் படங்கள் பலவற்றைப் பார்த்தபின் எனக்குப் பட்டது இதுதான்: நாயகர் பட்ட துன்பம் ஒருபோதும் விடுபடுவதில்லை, அவரால் பிறர் பட்ட துன்பமே விடுபடுகிறது. தோல்வியைக்கூட நாம் விரும்பியே சொல்கிறோம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா ஒரு வினாடியின் 100-ல் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்த கதையைக் கேரளத்துப் பிள்ளைகள் எத்தனையோ முறை கேட்டு வளர்கிறார்கள். அந்தத் தோல்வி அவருடைய பெருமையைக் கூட்டியிருக்கிறதே தவிரக் குறைக்கவில்லை. அதைச் சொல்ல யாருக்கும் துணிவு தேவைப்படவில்லை, ஏனென்றால் அதில் நொந்தவர் அவர் ஒருவரே. உங்கள் அக்காவின் 40 வினாடி அப்படிப்பட்டதன்று. அதில் வெற்றி மாஷின் கணக்கிலும் விரிசல் அக்காவின் காலிலும் இருக்கின்றன.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கெரி ஸ்ட்ரக், வால்ட் என்ற, ஓடிவந்து தாண்டும் பிரிவில் முதல் முறை விழுந்து கணுக்கால் காயப்பட்ட பிறகும் இரண்டாம் முறை ஓடித் தாண்டி, ஏறக்குறைய ஒற்றைக் காலில் நின்றார். பயிற்சியாளர் பேலா கரோலி அவரை ஏந்திக்கொண்டு வந்த காட்சி, வீரத்துக்கு அடையாளமாகப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. அப்போது 18 வயதான அவர் அந்தக் காயத்தால் தனிநபர் இறுதிப் போட்டிகளில் பங்கேற்க முடியாமல் போனதும், மற்ற மதிப்பெண்கள் வந்து சேர்ந்தபோது அந்த இரண்டாம் தாண்டல் இல்லாமலே அணி தங்கம் வென்றிருக்கும் என்று தெரிந்ததும் அந்தக் காட்சியோடு பெரும்பாலும் சொல்லப்படவில்லை. காட்சி உண்மை, அதைப் பார்த்து, வலியை மறைத்துக்கொண்டு ஓடுவதுதான் வீரம் என்று படித்துக்கொண்ட பிள்ளை படித்ததோ தவறு. உங்கள் வாயனசாலைத் திண்ணையிலும் அன்று கால் நோகிற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை எண்ணியே இதை எழுதுகிறேன்.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் புற்றுநோயிலிருந்து மீண்டு 1999 முதல் 2005 வரை 7 முறை டூர் டி பிரான்ஸை வென்றவராகக் கொண்டாடப்பட்டவர். 2009-ல் அவர் மீண்டும் பந்தயத்துக்கு வந்தபோது அலெக்ஸ் கிப்னி என்ற இயக்குநர் அந்தத் திரும்புதலைப் படமாக்கத் தொடங்கினார். 2012-ல் ஊக்கமருந்துக் குற்றத்தால் அந்த 7 பட்டங்களும் பறிக்கப்பட்டு, 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங்கே ஒப்புக்கொண்டபின், கிப்னி எடுத்துவைத்த காட்சிகளைத் தூக்கிப்போடாமல், அந்தப் பொய்யைப் பற்றிய படமாகவே அதை மாற்றி அதே ஆண்டு வெளியிட்டார். ஆம்ஸ்ட்ராங் கதையில் என்னை அதிகம் வருத்துவது மருந்துகூட இல்லை. அவருடைய அணியில் உடற்பிடிப்பு வேலை பார்த்த எம்மா ஓ’ரெய்லி உண்மையை முன்பே சொல்லி, அதற்காக இழிவாகப் பேசப்பட்டு, வழக்கையும் சந்தித்தார். ஊக்கமூட்டும் கதைதான் வேண்டும் என்று உலகம் அடம்பிடித்த அத்தனை ஆண்டுகளும் பொய்யர் என்ற பெயரை அந்தப் பெண் சுமந்தார். விடுபட்ட உண்மைக்கு விலை கொடுப்பவர் எப்போதும் வேறு யாரோ ஒருவர்தான்.

என் பிழை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சியாளரைப் பாராட்டிக் கட்டுரை எழுதியபோது, அவரிடம் பயின்ற ஒருவர் மைதானத்து வேலியோரம் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை, ‘இந்த இடத்துக்குப் பொருந்தாது’ என்று விட்டுவிட்டேன். கட்டுரை வந்தபின் அவர் என்னிடம் பேசவில்லை. எழுத முடியாது என்று அன்றே அவரிடம் சொல்லியிருக்கலாம். அதையும் நான் செய்யவில்லை.

ஆகவே முதலில் அந்த அக்காவிடம் போங்கள். தாம் பேசியது ஊர் முன்னால் ஓடுவதற்கு அவருக்கு முழுச் சம்மதமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதுவே முடிவு. சம்மதித்தால், அதே துண்டை மாஷுக்கும் தனியே காட்டி, கேமராவை ஓடவிட்டு அவர் சொல்வதையும் பதிவுசெய்யுங்கள். விழா மேடையில் முதல் முறையாக அவர் அதைக் கேட்கக் கூடாது, அது நேர்மையின் பெயரால் செய்கிற கொடுமை. எக்ஸ்ரே வசதி கைக்கெட்டாத காலத்தில் எது விரிசல், எது சோம்பல் என்று அறிய முடியாமல் தவித்ததாக அவர் சொல்லலாம், கண்கலங்கலாம், கோபப்படவும் செய்யலாம். எதுவானாலும் அவர் அந்தப் படத்தில் முழு மனிதராக இருப்பார். சோக இசை எதையும் அதன்மேல் போடாதீர்கள். படத்தின் கடைசியில் வைக்காமல், அந்த சப்-ஜில்லா வெற்றியைச் சொல்கிற இடத்திலேயே வையுங்கள்.

கேள்வி: தோஹா 2006 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, பாலினச் சோதனையால் அதை இழந்த சாந்தி சௌந்திரராஜனைப் பற்றி மாணவர்களுக்குப் படக்காட்சி தயாரிக்கிறேன். சோதனை விவரங்களைச் சொல்லாமல் விட்டால் அதுவும் மறைப்பதுதானே?
(ஆசிரியை, குமுளி)

பதில்: இல்லை, அம்மா. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலிருந்து வந்த அந்தப் பெண் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. தன் உடலைப் பற்றிய செய்தி ஊடகங்களில் ஓடியதால் தீங்குக்கு ஆளானவர் அவரே. அந்த விவரங்களைச் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவருடைய உரிமை. பதக்கம் பறிக்கப்பட்டதையும், அந்தரங்கமாக இருக்க வேண்டியது ஊரறியப் பேசப்பட்டதையும், பின்னர் அவர் பயிற்சியாளராகிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கியதையும் விடாமல் சொல்லுங்கள். அந்த 800 மீட்டர் ஓட்டத்தின் காட்சி கிடைத்தால், இடையில் எதுவும் பேசாமல் முழுவதுமாக ஓடவிடுங்கள்.