பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், பின்பக்கக் கேமராவோடு வரும் கார் நேவிகேஷன் செட் வாங்கலாமா, போனே போதுமா?

வாங்கலாம், கேமரா ஒழுங்காக இருந்தால். வழி காட்டும் வேலையை உங்கள் கையில் இருக்கும் போன் இதைவிட நன்றாகவே செய்யும்.

உங்களுடையது 2015 மாடல் கார் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பின்னால் சென்சாரும் பெரும்பாலும் இருக்காது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களுக்குத்தான் ரிவர்ஸ் சென்சாரைக் கட்டாயமாக்கினார்கள். என் வேகன் ஆரும் அதற்கு முந்தையது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதனால் உங்கள் நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

"போனே போதும், இதெல்லாம் தண்டச் செலவு" என்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வருடக்கணக்காகக் கரும்பலகையைப் பார்த்து நின்ற கழுத்து இப்போது பாதிக்கு மேல் திரும்பாது. ரிவர்ஸ் எடுக்கும்போது உடம்பை முறுக்கிப் பின்னால் பார் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருவதை என்னால் செய்ய முடியாது. என்னைப் போல ஊருக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "கண்ணாடி பார்த்து எடுக்கத் தெரியாதவங்க ஏன் ஓட்டணும்" என்றும் யாராவது வருவார்கள். மூன்று கண்ணாடிகளையும் எப்படித் திருப்பி வைத்தாலும் பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே, பம்பரை ஒட்டி நிற்கும் சின்னக் குழந்தை எதிலுமே தெரியாது. வெளிச்சம் நேர்கோட்டில்தான் போகும். மறைப்புக்குப் பின்னால் இருப்பதை எந்தக் கண்ணாடியும் காட்டாது.

அமெரிக்காவில் கேமரன் கல்பிரன்சன் என்ற 2 வயதுக் குழந்தை 2002இல் தன் அப்பா பின்னோக்கி எடுத்த காரிலேயே அடிபட்டு இறந்தது. அந்த அப்பா குழந்தை மருத்துவர். அவரும் அவரைப் போலக் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்களும் விடாமல் போராடியதில் 2008இல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2018 மே 1 முதல் அங்கே புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் பின்பக்கக் கேமரா கட்டாயம். அந்த விதியில் உள்ள ஓர் அளவுதான் உங்களுக்கும் எனக்கும் உதவும்: ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் படம் திரையில் வந்துவிட வேண்டும்.

மலிவான செட்கள் தோற்பது இங்கேதான். இவை உண்மையில் ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட். காலையில் சாவியைத் திருப்பினால் முழுதாக எழுந்து நிற்க அரை நிமிடம்கூட ஆகும். நாம் அதற்குள் ரிவர்ஸ் போட்டு வாசலை விட்டுத் தெருவுக்கு வந்திருப்போம். கேமரா மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் திரையில் கம்பெனி லோகோ மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சில செட்களில் கேமராப் படத்துக்குத் தனிச் சர்க்யூட் இருக்கிறது. ஆண்ட்ராய்டு எழுவதற்குக் காத்திராமல் படம் வந்துவிடும். வேறு சில, வண்டியை அணைத்த பிறகும் தூக்க நிலையில் இருந்துவிட்டுச் சட்டென்று விழிக்கும். ஆனால் சில நாள் எடுக்காமல் நிறுத்திவிட்டால் அவையும் முழுதாக அணைந்துபோகும், பழைய கதைதான்.

கடையில் இது தெரியவே தெரியாது. அங்கே செட்டைப் பலகையில் மாட்டிக் காலையிலிருந்து ஓடவிட்டிருப்பார்கள். நான் திருநெல்வேலியில் வாங்கப் போனபோது இரண்டு செட்டுக்கும் கரண்டைப் பிடுங்கச் சொல்லி, சில நிமிடம் கழித்து மறுபடி கொடுத்து, உடனே ரிவர்ஸ் கியர் போட்டதைச் செட்டுக்குச் சொல்லும் வயருக்கும் சப்ளை தரச் சொன்னேன். நாலு ஜிபி ரேம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது கறுப்பாகவே நின்றது. இரண்டு ஜிபி செட்டில் லோகோ முடிவதற்கு முன்பே படம் வந்தது. குறைந்த ரேம் உள்ளதைத்தான் வாங்கினேன், இன்றுவரை திருப்தி. ரேம், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று செட்டிங்கில் காட்டும் எண்களை அப்படியே நம்பாதீர்கள். மலிவுச் சரக்கில் அந்த எண்ணையே மாற்றி எழுதி அனுப்புவதும் நடக்கிறது.

அந்தக் கடையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டவே தெரியாது, துணைக்கு வந்தவர். கேள்வி கேட்பது நான், பதில் போவது அவருக்கு. "சார், மேடத்துக்கு இது ஈஸியா இருக்கும் சார்." அவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஓட்டுறது அவங்கதான், அவங்ககிட்டயே சொல்லுங்க தம்பி" என்றார். அதன் பிறகும் விலையை அவரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். இது அந்த ஒரு கடையின் பழக்கம் என்றால் விட்டுவிடுவேன். டயர் கடையில், காற்றுப் பிடிக்கும் இடத்தில், இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் இடத்தில், எங்கும் இதேதான். ஆர்.சி. புக் என் பெயரில், கடன் கட்டுவது என் சம்பளத்தில், சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வருவது மட்டும் அவருக்கு. என் நம்பரைப் பலமுறை எழுதிக் கொடுத்தும் மாறவில்லை. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள். தனியாகக் கடைக்குப் போகும் பெண்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்: கரண்டைப் பிடுங்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது, காரின் ஒரிஜினல் வயரை வெட்டவே விடக்கூடாது. ஒவ்வொரு மாடலுக்கும் பொருந்தும் கப்ளர், அதாவது வயரை வெட்டாமல் செருகி இணைக்கும் சாதனம், கிடைக்கிறது. "வெட்டி ஒட்டிட்டா சீக்கிரம் முடியும்" என்றுதான் முதலில் சொன்னார்கள். காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்தேன். பக்கத்துக் கடையிலிருந்து கப்ளர் வந்தது. ஹெட்லைட் போட்டால் திரையின் வெளிச்சம் தானாகக் குறைவதற்கு ஒரு வயர் உண்டு. அதை இணைக்காமல் விட்டுவிடுவார்கள், கேட்டு இணைக்க வையுங்கள். இல்லாவிட்டால் இரவில் கண் கூசும்.

திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் உங்கள் காரை அளந்து போட்டவை இல்லை. அகலக் கோண லென்ஸ் எதையும் இருப்பதைவிடத் தூரமாகவே காட்டும். டேப் வைத்துப் பம்பரிலிருந்து ஒரு மீட்டரில் ஒரு செங்கல், இரண்டு மீட்டரில் ஒரு செங்கல் வைத்து, எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் சமதரைக்குத்தான் சரி. சரிவில் கோடு பொய் சொல்லும். படம் இடவலம் மாறித் தெரிகிறதா என்றும் அப்போதே பாருங்கள். பின்னால் வலப்பக்கம் நிற்பவர் திரையிலும் வலப்பக்கம்தான் தெரிய வேண்டும். எங்கள் தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் லென்ஸில் துளி நின்று எல்லாம் மங்கிவிடும். எடுக்கும் முன் விரலால் ஒரு முறை துடைத்தால் போதும்.

இனி நேவிகேஷன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் மிக மிக மெலிந்தது. இடத்தைச் சரியாகக் கணிக்க நாலு செயற்கைக்கோளாவது தெரிய வேண்டும். அதனால் செட்டோடு வரும் கறுப்பு ஆன்டெனாவை டேஷ்போர்டுக்குள் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் திணிக்க விடாதீர்கள், முன்கண்ணாடியை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் சிக்னலைக் கெடுக்கும். மகள் திருவனந்தபுரத்தில் படிக்கிறாள். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போவோம். காட்டுக்குள் சில இடங்களில் மொபைல் சிக்னல் போய்விடும். வீட்டிலேயே மேப்பை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் வழி சொல்லும், போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாது. போனிலும் இதைச் செய்யலாம்தான். பெரிய திரையில் கழுத்தைக் குனியாமல் பார்க்க முடிகிறது, எனக்கு அது பெரிய விஷயம்.

எந்தக் கம்பெனிக்கும் நான் ஆள் இல்லை, பிராண்ட் பெயர் கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள். ஒரே பெயரில் வரும் சரக்கே மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பில்லில் திரைக்கும் கேமராவுக்கும் தனித்தனியாக வாரண்டி எழுதித் தரச் சொல்லுங்கள். வெயிலையும் மழையையும் வாங்கி முதலில் கெடுவது கேமராதான். "அது ஃப்ரீயா வந்தது மேடம், அதுக்கு வாரண்டி கிடையாது" என்று சொல்லும் கடையாக இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.