"உனக்கு என்னில நம்பிக்கை இல்லையா?" – வளரிளம் பருவக் கேள்விகள்

கேள்வி: அக்கா, எனக்கு 16 வயது. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் நிற்கிறேன். ரியூசனுக்குப் போகும்போது பழக்கமான ஒருவரை விரும்புகிறேன், அவருக்கு 19. கொஞ்ச நாளாக "வீட்டில ஒருத்தரும் இல்லை, வா" என்று கேட்கிறார். மாட்டேன் என்றால் "உனக்கு என்னில நம்பிக்கை இல்லை" என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாளுக்கு மெசேஜும் போட மாட்டார். சிநேகிதி வேறு, இப்ப எல்லாரும் இப்படித்தான் என்கிறாள். அவரை விடவும் மனமில்லை. என்ன சொல்லி மறுப்பது?
– ஒரு மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, போவதா விடுவதா என்று நீங்கள் கேட்கவே இல்லை, என்ன சொல்லி மறுப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். முடிவு எடுத்தாகிவிட்டது. இனி அதைச் சொல்கிற விதம்தான்.

அந்த இரண்டு நாள் மௌனத்தை முதலில் பார்ப்போம். நீங்கள் தவித்துப்போய், நீங்களே மன்னிப்புக் கேட்டு, அடுத்த முறை மறுக்கப் பயப்பட வேண்டும், அதுதான் அந்த மௌனம் செய்கிற வேலை. அவர் திட்டம் போட்டுச் செய்கிறார் என்று சொல்லவில்லை, 19 வயதுப் பெடியனுக்கும் இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் தெரியாமல் செய்தாலும் உங்கள் மேல் விழுகிற பாரம் அதேதான். இதில் அடங்கிப்போய்ச் சம்மதித்தால் அதற்குப் பெயர் சம்மதமும் இல்லை.

மறுக்கும்போது காரணங்களை அடுக்காதீர்கள். "அம்மா ஏசுவா" என்றால் "அம்மாவுக்குத் தெரிய வராது" என்பார், "சோதனை" என்றால் "அதுதான் முடிஞ்சுதே" என்பார். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வரும். "எனக்கு விருப்பமில்லை, திரும்பக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன்" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும், பரவாயில்லை, அந்த நேரத்தில் தொண்டை அடைக்காது.

இன்னொன்று, இது நம்முடைய பக்கத்துக்கே உரிய சிக்கல். பின்னேரம் கடைசி பஸ் போய்விட்டால் உள்ளூர்களில் திரும்பி வர வேறு வழி இல்லை, அவருடைய மோட்டார் சைக்கிளை நம்பித்தான் நிற்க வேண்டும். அதனால் சந்திப்பதென்றால் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், உங்கள் சைக்கிளில் நீங்களே போய், வெளிச்சத்தோடு திரும்புங்கள். நம்பிக்கையான ஒருத்தியிடம் ஒரு சொல் பேசி வையுங்கள். "கொப்பி" என்று நீங்கள் மெசேஜ் போட்டால் அவள் உடனே அழைத்து, வீட்டில் தேடுகிறார்கள் என்று சொல்லட்டும். பொய்தான், ஆனால் மாட்டிக்கொண்ட நேரத்தில் இந்தப் பொய் சொல்லலாம்.

எல்லாரும் இப்படித்தான் என்பதை நம்ப வேண்டாம். காத்திருக்கிற பிள்ளை அதை வகுப்பில் எழும்பி நின்று சொல்வதில்லை, அதனால் சொல்கிறவர்களின் கதை மட்டுமே காதில் விழும்.

உடம்பு விஷயமும் சுருக்கமாக. முதல் தடவையிலேயே கர்ப்பம் தரிக்கலாம். ஆணுறை சரியாகப் பாவித்தால் ஆபத்தைப் பெருமளவு குறைக்கும், முற்றாக இல்லாமல் செய்யாது. பாலியல் தொற்றுகள் பலவற்றுக்கு வெளியில் அறிகுறியே தெரியாது. 2017 இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடுகிற எச்.பி.வி. தடுப்பூசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான முக்கிய வைரஸ் வகைகளைத் தடுக்கும், மற்றத் தொற்றுகளுக்கு அது காவல் இல்லை. பதின்ம வயதில் பிள்ளை தங்கினால் இரத்தச்சோகை, உயர் இரத்த அழுத்தம், நிறை குறைந்த குழந்தை என்று வருவதற்கான வாய்ப்பும் அதிகம். தள்ளிப்போடுவது ஒன்றில்தான் இந்தக் கணக்கெல்லாம் இல்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகும் அவர் நின்றால் நல்லது. போனால் அழுகை வரும், அதை நான் மறைக்க மாட்டேன்.

கேள்வி: எனக்கு 17. கூட்டாளிமார் போனில் வீடியோ காட்டி, "நீ ஆம்பிளையாடா?" என்று நக்கல் அடிக்கிறார்கள். ஒருத்தியின் போட்டோ கேட்டு வாங்கச் சொல்லியும் நெருக்குகிறார்கள். விலகினால் கிரிக்கெட்டுக்கும் சேர்க்க மாட்டார்களோ என்று பயம்.
– கிளிநொச்சி

பதில்: தம்பி, அந்த வீடியோக்கள் காசுக்கு நடிக்கிறது, அதைப் பார்த்து ஆம்பிளைத்தனத்தை அளக்கிறவனுக்கு உங்களைவிடப் பயம் கூட. "எனக்கு வேலை இருக்கு மச்சான்" என்று எழும்பிப் போங்கள், வாதாட நிற்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் உங்களைப் போலவே நெளிகிற இன்னொருவன் கட்டாயம் இருப்பான், அவனைத் தனியாகப் பிடியுங்கள், இரண்டு பேர் எழும்பினால் நக்கல் பாதியாகிவிடும்.

போட்டோ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 18 வயதுக்குக் குறைந்த ஒருவரின் அப்படியான படத்தைக் கேட்பது, வைத்திருப்பது, அனுப்புவது எல்லாமே உங்களைப் பொலிஸில் கொண்டுபோய் நிறுத்தும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையுடன் உறவு என்றால், அவளே சம்மதித்தாள் என்ற பேச்சுக்கு இலங்கைச் சட்டத்தில் இடமில்லை.

கேள்வி: 2008 இல், 17 வயதில், எனக்குக் கட்டிவைத்தார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். இப்போது மகளுக்கு 15. இதையெல்லாம் அவளோடு கதைத்தால் நாமே வழிகாட்டியது போல் ஆகாதா?
– ஒரு தாய், மல்லாவி

பதில்: ஆகாது அம்மா. பாலியல் கல்வி பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளுவதில்லை என்பதை யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட வழிகாட்டியும் பல ஆய்வுகளை வைத்தே சொல்கிறது.

போர் நடந்த அந்த நேரம் வன்னியில், கலியாணம் கட்டினால் இயக்கத்துக்குப் பிடிக்க மாட்டார்கள் என்று, கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து எத்தனை பிள்ளைகளுக்கு அவசரமாகக் கட்டிவைத்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. அதையே மகளிடம் சொல்லுங்கள், புத்திமதியாக வேண்டாம், நடந்த கதையாக. அவள் ஏதாவது கேட்டால் "ஏன் இதைக் கேக்கிறாய்?" என்று பாயாதீர்கள், பாய்ந்தால் அடுத்த கேள்வி கூகுளுக்குத்தான் போகும். உங்களுக்கே கூச்சமென்றால் ஊர்க் குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டு, அவர்களைக் கதைக்கச் சொல்லலாம். யாராவது படத்தை வைத்து மிரட்டினாலோ கட்டாயப்படுத்தினாலோ 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம், காசில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் கதைக்கலாம். மகளுக்கும் அந்த இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள்.