பிக்கப் தொட்டி போல்ட்டுகள்: கேள்வி பதில்

பிக்கப் வண்டியின் சரக்கேற்றும் பின்தொட்டியைச் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். அமெரிக்க பிக்கப்புகள்தான் என் தொழில்.

கேள்வி (டொராண்டோ): அண்ணா, என் ஃபோர்டு எஃப்-150இல் பெட்ரோல் பம்பு போய்விட்டது. டேங்க்கை இறக்குவதா, தொட்டியைத் தூக்குவதா?

பதில்: பம்பு டேங்க்கின் மேற்புறத்தில் இருக்கிறது. டேங்க்கில் பெட்ரோல் நிறைய இருந்தால் தொட்டியைத் தூக்குவதே எளிது. ஆனால் குளிர்காலச் சாலையில் உப்புக் கொட்டும் ஊர் உங்களுடையது. முதல் நாளே போல்ட்டுகளைக் கவனியுங்கள்.

உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். போல்ட் தலையில் ஆறுமுனை நட்சத்திரக் குழி இருக்கும். அதில் மண்ணும் துருவும் இறுகிக் கிடக்கும். கூர்முனைக் கம்பியால் ஒவ்வொரு மூலையாகச் சுரண்டி, காற்றடித்து, அடிப்பகுதி பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். அந்தக் குழிக்குப் பொருந்தும் திருகுமுனையை (பிட்) வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். முதலில் மந்தமாகக் கேட்கும் ஓசை, பிட் அடிவரை இறங்கியதும் கணீரென்று மாறும். அதற்குமுன் திருப்பாதீர்கள். பாதி இறங்கிய பிட்தான் குழியை வழித்துவிடுகிறது.

துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்து ஊற்றிப் பயனில்லை. வண்டிக்கு அடியில் போய், நட்டும் மரையும் சேரும் இடத்தில் அடித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நீளமான கைப்பிடியால் இறுக்கும் திசையில் சிறிது அசைத்துவிட்டுத் தளர்த்துங்கள். பிடி விட்டதும் ஒரே மூச்சில் கழற்ற வேண்டாம். அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று பொறுமையாகக் கொண்டுவாருங்கள். தூக்குவதற்கு முன் பெட்ரோல் ஊற்றும் குழாயின் திருகுகள், பின்விளக்கு ஒயர் இணைப்பு, எர்த் ஒயர் ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். தூக்க நான்கு பேராவது வேண்டும்.

கேள்வி: கேஸ் விளக்கால் சூடாக்கினால் உடனே கழன்றுவிடும் என்கிறார்களே?

பதில்: கழலும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; வண்டிக்கு அடியிலேயே தங்கும். டேங்க் காலியாக இருந்தால் ஆபத்துக் குறையும் என்று எண்ணாதீர்கள். உள்ளே நிறைந்திருப்பது ஆவி. டேங்க் வண்டியில் இருக்கும்வரை தீயும் வேண்டாம், கிரைண்டர் பொறியும் வேண்டாம்.

கேள்வி: இம்பாக்ட் கன் (அடித்து அடித்துத் திருப்பும் கருவி) போடலாமா?

பதில்: குழி சுத்தமாகி, பிட் அடிவரை இறங்கியிருந்தால் குறைந்த வேகத்தில் போடலாம்.

கேள்வி: போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றுகிறது.

பதில்: நட்டைப் பிடித்திருக்கும் தகடு துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறது. அடியிலிருந்து ஒருவர் பூட்டுக் குறடால் நட்டைப் பிடிக்க, மேலிருந்து மற்றவர் திருப்ப வேண்டும். குறடு நுழையாத இடமானால் டேங்க்கை இறக்கி அப்புறப்படுத்திய பிறகு போல்ட் தலையை வெட்டுங்கள். புது நட்டை வாங்கிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: எத்தனை டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்க வேண்டும்?

பதில்: மாடலுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். அலகைக் கவனியுங்கள்: 1 அடி-பவுண்டு ஏறத்தாழ 1.36 நியூட்டன் மீட்டர். நியூட்டன் மீட்டரில் உள்ள எண்ணை அடி-பவுண்டில் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இறுக்கிவிடுவீர்கள்.

கேள்வி: ஷெவர்லே சில்வராடோவுக்கு எத்தனை டார்க்?

பதில்: இதற்கும் மேலே உள்ள பதில்தான். இதே கேள்வி வேறு வண்டிப் பெயர்களோடு தொடர்ந்து வருகிறது. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: மாட்டும்போது மரையில் ஆன்டி-சீஸ் பசை (துருப்பிடித்து இறுகாமல் தடுக்கும் வழுக்குப் பசை) தடவுவது கட்டாயம்தானே? அடுத்த முறை எளிதாகக் கழலுமே.

பதில்: இதை நான் ஏற்கவில்லை. நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். மிச்சம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. பசை தடவி உராய்வைக் குறைத்துவிட்டுப் புத்தக டார்க்கையே வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

மறுப்பு (மிச்சிகன்): அப்படியானால் டார்க்கைக் குறைத்தால் போயிற்று. பல ஆண்டுகளாகத் தடவுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: குறைக்கலாம்தான். எவ்வளவு குறைப்பது? பசைக்குப் பசை மாறும். மேலும் பல வண்டிகளில் போல்ட் தளராதிருக்க மரையில் பிடிப்புப் பூச்சோடு வருகிறது. சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இந்த இணைப்புகள் அசைவைத் தாங்க வேண்டும். அந்த இடத்தில் வழுக்கலைக் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. போல்ட்டைப் புத்தகம் சொல்கிறபடி இறுக்கிவிட்டு, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைமுனையிலும் நட்டின் மேலும் துருத்தடுப்பு மெழுகை அடியுங்கள். உப்புநீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

கேள்வி (மிச்சிகன்): என்னுடையது 2015க்குப் பிந்தைய எஃப்-150. அதற்கும் இதேதானா?

பதில்: ஆம், கூடுதல் கவனத்தோடு. அந்த ஆண்டு மாடலிலிருந்து தொட்டி அலுமினியம். பூச்சில்லாத சாதாரண இரும்புப் போல்ட்டைப் போட்டால், ஈரம் சேரும்போது இரும்பு தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். நிறுவனம் தரும் பூச்சுள்ள போல்ட்டையே வாங்குங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): ஐயா, பொலேரோ பிக்கப்பில் பாடி கட்டியிருக்கிறோம். யூ-போல்ட் தளர்கிறது.

பதில்: பாடி கட்டிய பட்டறையில் காட்டுங்கள். யூ-போல்ட் வேறு வேலை. பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையில் வைத்த மரக்கட்டை அமுங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: திரும்ப மாட்டுகையில் கடைசிப் போல்ட் மட்டும் துளையில் சேரவில்லை.

பதில்: மற்றவற்றை முன்பே இறுக்கிவிட்டீர்கள். எல்லாவற்றையும் தளர்த்தி, ஒவ்வொன்றையும் கையால் சில சுற்றுகள் ஏற்றுங்கள். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு இறுக்குங்கள்.

கேள்வி: தொட்டியை மாட்டிய பிறகு பின்விளக்கு மங்கலாக எரிகிறது.

பதில்: எர்த் ஒயரைக் கழற்றிய இடத்தில் துருவைச் சுரண்டி, மீண்டும் இறுக்குங்கள்.